தோலின் வயது, கோட்டின் வயது

பழைய முத்திரைத்தாள் ஒன்றைத் தேடிப்பிடித்து, இன்றைக்கு ஒரு பாகப் பத்திரம் எழுதி, அதில் அறுபது வருடத்துக்கு முந்தைய தேதியைப் போட்டுவைத்தால், தாளை மட்டும் சோதிக்கிறவர் ஏமாந்துதான் போவார். தாளுக்கு மெய்யாகவே அறுபது வயது இருக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலுள்ள ‘வின்லாந்து வரைபடம்’ அரை நூற்றாண்டுக்கு மேல் அறிஞர்களை அலைக்கழித்ததும் இந்த வழியில்தான்.

ஏறக்குறைய 28க்கு 41 சென்டிமீட்டர் அளவுள்ள பதப்படுத்திய விலங்குத் தோல் அது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா மூன்றும் கோட்டுருவமாக அதில் இருக்கின்றன. மேற்கு ஓரத்தில் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து. அதற்கும் அப்பால் ‘வின்லாந்துத் தீவு’. வட ஐரோப்பாவின் நார்ஸ் கடலோடிகள் கி.பி. 1000 வாக்கில் சென்று சேர்ந்த வட அமெரிக்கக் கரையின் பெயர் அது. 1957இல் ஐரோப்பியப் பழம்நூல் சந்தையில் தலைகாட்டிய இதை, நியூ ஹேவன் வணிகர் லாரன்ஸ் விட்டன் 3,500 டாலருக்கு வாங்கினார். பின்னர் செல்வந்தர் பால் மெலன் வாங்கி யேலுக்குக் கொடுத்தார். 1965 அக்டோபர் 11 அன்று, கொலம்பஸ் தினத்துக்கு முந்தைய நாள், யேல் இதைத் தடபுடலாக வெளியிட்டது. வரைந்த காலம் சுமார் 1440 என்றார்கள். அப்படியானால் கொலம்பஸ் புறப்படுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அமெரிக்கா வரைபடத்தில் ஏறிவிட்டது.

ஆதரவுச் சாட்சிகளை முதலில் பார்ப்போம். அவை இலேசானவை அல்ல. மங்கோலியர் பற்றிய ‘தார்த்தாரியர் அறிக்கை’ என்ற கையெழுத்து நூலோடு சேர்த்துத்தான் வரைபடம் விற்பனைக்கு வந்தது. ஆனால் வரைபடத்தில் புழு அரித்த துளைகளும் அறிக்கையில் இருந்த துளைகளும் பொருந்தவில்லை. பிறகு, வின்சென்ட் என்ற மத்தியகாலத் துறவி எழுதிய ‘வரலாற்றுக் கண்ணாடி’ நூலின் ஒரு பகுதி தனியாகக் கிடைத்தது. முன்னால் வரைபடம், நடுவில் கண்ணாடி, கடைசியில் அறிக்கை என்று அடுக்கியதும் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்தன. 2002இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு தோலின் வயதை 1434, பதினொரு ஆண்டு முன்பின், என்றது. ஒரு காலத்தில் மூன்றும் ஒரே கட்டில் இருந்தன; தோலும் சரியான காலத்துத் தோல். இவ்வளவையும் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

ஒப்புக்கொண்டால் என்ன நிரூபணமாகிறது? பழைய புத்தகத்தின் முன்பக்கத்து வெற்றுத் தோல் பழையது என்பது மட்டுமே. ஓலைச்சுவடி பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய பாடமில்லை. இருநூறு வருடத்து ஓலையில் இரண்டாயிரம் வருடத்துப் பாட்டு இருக்கும். ஓலையின் வயதைச் சொல்லிப் பாட்டின் வயதை யாரும் முடிவு செய்வதில்லை. இங்கே நிலைமை தலைகீழ், ஏடு மூத்தது, எழுத்து இளையது. புழு தோலைத்தான் தின்றது. கரிமம் மாடோ ஆடோ செத்த காலத்தைத்தான் சொல்லும். கோடு போட்டவன் எப்போது உட்கார்ந்தான் என்று இரண்டுக்கும் தெரியாது.

அடுத்து, படம் எதை அறிந்திருக்கிறது என்ற கேள்வி. வரைபடத்தின் காலத்தைத் தேடுகிறவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் இது. கிரீன்லாந்து இதில் முழுத் தீவாக, வடகரை உட்பட, இன்றைய அட்லஸை ஞாபகப்படுத்தும் வடிவத்தில் இருக்கிறது. அது தீவுதான் என்பதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பியரி போன்ற பயணிகள் வடமுனைப் பக்கம் போன பிறகுதான் உறுதியானது. பெயர்களும் உறுத்துகின்றன. வின்லாந்துக்குப் போன நார்ஸ் கடலோடி லெய்ஃப் எரிக்சன் இதில் ‘எரிசோனியுஸ்’ ஆகிறார். இப்படி லத்தீன் வால் ஒட்டுவது பிற்காலப் புலவர் வழக்கம். பழைய உலகின் வடிவம் வெனிஸ்காரர் ஆந்திரேயா பியாங்கோவின் 1436ஆம் ஆண்டு வரைபடத்தை ஒட்டியது. அதுவும் மூலத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் படத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கியவர் செய்த பிழைகள் இங்கே மறுபடி வருகின்றன என்பதை ஜான் பால் ஃபிளாய்ட் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். தீவு என்று ஊகித்தது தற்செயலாகப் பலித்திருக்கலாம். பெயருக்கும் ஏதாவது சமாதானம் சொல்லலாம். பிறர் பிழையைப் பிறப்பதற்கு முன்பே காப்பியடிக்க மட்டும் யாராலும் முடியாது.

இனி மை. அக்கால ஐரோப்பிய எழுத்தர்கள் பெரும்பாலும் மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத் தயாரித்த மையில் எழுதினார்கள். காலப்போக்கில் அதிலுள்ள இரும்பு தோலுக்குள் இறங்கி, கோட்டின் இரு கரையிலும் பழுப்பு மஞ்சளாய்க் கசியும். வின்லாந்துக் கோட்டிலும் அந்த மஞ்சள் உண்டு. மேலே உள்ள கறுப்பு உதிர்ந்த இடங்களில் நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கறுப்பு கரி மை. கரி மைக்கு மஞ்சள் கசிவு வராது. முதலில் மஞ்சளைத் தீட்டி, அதன்மேல் கறுப்பை ஓட்டினால்தான் இப்படி ஒரு கோடு அமையும்.

1970களின் தொடக்கத்தில் நுண்ணோக்கி நிபுணர் வால்டர் மெக்ரோன் அந்த மஞ்சளை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் அனட்டேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் இருப்பதைச் சொன்னார். அனட்டேஸ் இயற்கையிலும் உண்டு. ஆனால் இவை ஆலையில் தயாரித்த நிறமியைப் போல ஒரே அளவில் உருண்டையாக இருந்தன. அத்தகைய நிறமி 1920களில்தான் சந்தைக்கு வந்தது. 1980களில் கலிபோர்னியாவில் தாமஸ் கேஹில் குழு புரோட்டான் கற்றை கொண்டு சோதித்து, டைட்டானியம் கடுகளவுதான், அது மெய்யான பழஞ்சுவடிகளிலும் இருக்கிறது என்று மறுத்தது. நியாயமான மறுப்புதான். ஆனால் அந்தக் கற்றை மையையும் அடியிலுள்ள தோலையும் சேர்த்து அளந்தது. குடம் தண்ணீரில் கலந்த ஒரு சொட்டு நீலத்தைக் குடத்துக்கே சராசரி போட்டால் நீலம் இல்லாததுபோலத்தான் தெரியும். 2002இல் லண்டனில் செய்த ராமன் ஒளிச்சோதனை, அனட்டேஸ் மஞ்சள் கோட்டில் மட்டுமே இருக்கிறது, வெறுந்தோலில் இல்லை என்றது. 2021இல் யேல் நூலகமே படம் முழுவதையும் எக்ஸ் கதிரால் வருடிப் பார்த்தது. எல்லாக் கோடுகளிலும் எழுத்துகளிலும் டைட்டானியம், இரும்பு சொற்பம். தூசியாக வந்து படிந்தது என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

வந்த வழியும் கைகொடுக்கவில்லை. கொலம்பஸ் பயணத்தின் நானூறாம் ஆண்டு நிறைவுக்காக 1892-93இல் மாட்ரிட்டில் நடந்த கண்காட்சியில் இந்த நூற்கட்டு இருந்ததையும் ஃபிளாய்ட் கண்டுபிடித்தார். அதைப் பார்த்து விவரம் எழுதியவர் இரு நூல்களையும் குறித்திருக்கிறார். வரைபடம் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லாமல் விட்டதை வைத்து வாதிடுவது பொதுவாகப் பலவீனமானது. ஆனால் கொலம்பஸ் விழாவில், கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்கப் படத்தைக் கண்டும் ஒருவர் பேசாமல் கடந்துபோனார் என்று நம்புவது கஷ்டம்.

கடைசிச் சாட்சி தோலின் பின்புறம். கண்ணாடி நூலின் பகுதிகளைக் குறிப்பிடும் ஒரு லத்தீன் வரி அங்கே உண்டு. வரைபடமும் நூலும் ஒரே குடும்பம் என்பதற்கு 1965இல் இது ஆதரவாகக் காட்டப்பட்டது. 2021 சோதனையில் அடியில் வேறொரு பழைய எழுத்து தெரிந்தது. நூலைக் கட்டுகிறவருக்கான மெய்யான குறிப்பாக அது இருக்கலாம். அதன்மேல்தான் டைட்டானிய மையால் புது வரி எழுதப்பட்டிருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், யாரோ விளையாட்டாக வரைந்த பழையபாணிப் படம், பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று வாதிட வழி இருந்தது. பின்பக்கம் அந்த வழியை அடைத்துவிட்டது.

ஆகவே தீர்ப்பு: தோல் 15ஆம் நூற்றாண்டு, படம் 1920களுக்குப் பின், 1957க்கு முன். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தது. கை யாருடையது என்று நிறுவப்படவில்லை. காலத்தைத் தீர்மானிக்க அது தேவையுமில்லை. 1965 அறிஞர்கள் மீதும் ஒரு குறை உண்டு. மூன்று பேர், பல ஆண்டு, ரகசியமாக வேலை செய்தார்கள். மையைச் சோதிக்கிறவரோ நார்ஸ் வரலாறு கரைத்துக் குடித்தவரோ அருகில் வரவில்லை. வெளியிட்ட பிறகு கேட்ட கேள்விகளை வெளியிடும் முன்பே கேட்டிருக்கலாம்.

வின்லாந்துக்கு இந்தப் படத்தின் தயவு தேவைப்படவுமில்லை. 1960இல் இங்ஸ்டாட் தம்பதியர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் நார்ஸ் குடியிருப்பையே கண்டுவிட்டார்கள். படம் போலி என்று யேல் கைகழுவிய அதே 2021இல், அங்கே கிடைத்த மரத்துண்டுகளின் காலம் வெளியானது. 993இல் வீசிய ஒரு சூரியப் புயல் மர வளையத்தில் கரிமத் தடம் விட்டிருந்தது. அந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணினால் 1021. அதே கரிமம்தான், ஆனால் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடுகிறது, வெட்டில் உலோகக் கத்தியின் தடம் இருக்கிறது. இங்கே பொருளின் வயதும் மனிதக் கை பட்ட காலமும் ஒன்று. வின்லாந்துத் தோலில் அந்த இரண்டுக்கும் நடுவே ஐந்நூறு வருடம் இருந்தது.