ஆணியும் சுத்தியலும்

'இட் டேக்ஸ் டூ' என்ற வீடியோ விளையாட்டைத் தனியே உட்கார்ந்து ஆட முடியாது. இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் அது நகரவே நகராது. கம்ப்யூட்டரே இரண்டாம் ஆளாக வந்து ஒப்பேற்றும் ஏற்பாடும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் வசதியும் இல்லை. நமக்குத் தெரிந்த ஒருவரை நாமே அழைத்து வரவேண்டும். ஒருவர் வாங்கியிருந்தால் போதும், மற்றவர் தம் வீட்டிலிருந்தபடியே காசு கொடுக்காமல் சேர்ந்துகொள்ளலாம். வியாபாரிக்கு வயிற்றைக் கலக்கக்கூடிய இந்த நிபந்தனைகளோடு 2021 மார்ச்சில் ஸ்வீடனிலிருந்து வெளிவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசையும் வாங்கிவிட்டது. பரிசு வாங்கியதாலேயே ஒரு நாவல் நல்ல நாவலாகிவிடாது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விளையாட்டுக்கும் அதே விதிதான். ஆனால் கதை எழுதுகிறவன் நின்று கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

இதைச் செய்தவர்களின் தலைவர் ஜோசப் பாரெஸ். லெபனானில் பிறந்து, அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் சிறுவனாக ஸ்வீடனுக்குப் போனவர். முதலில் சினிமா டைரக்டராக இருந்தார். அவருடைய பெயரை விளையாட்டு உலகத்தில் நிலைநாட்டியது 2013-ல் வந்த 'பிரதர்ஸ்'. அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் பின்னால் நான் குறை சொல்வது நியாயமாகத் தோன்றும்.

'பிரதர்ஸ்' ஒருவரே ஆடுவது. நோயாளித் தகப்பனுக்கு மருந்து தேடிப் புறப்படுகிறார்கள் அண்ணனும் தம்பியும். கன்ட்ரோலரில் இடது கைக் குமிழ் அண்ணனை நடத்துகிறது, வலது கைக் குமிழ் தம்பியை நடத்துகிறது. அவர்கள் பேசுவது உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பாஷை. ஒரு சொல்லும் நமக்கு விளங்காது. தாய் நீரில் மூழ்கி இறந்தவள், ஆகையால் தம்பிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் நீரைக் கடப்பான். கதை முடியும் தறுவாயில் அண்ணன் இறந்துபோகிறான். அதன் பிறகு நம் இடது கை சும்மா கிடக்கிறது. மருந்தோடு திரும்பும் தம்பி தண்ணீருக்கு முன்னால் வந்து நிற்கிறான். வலது கையால் எதைச் செய்தாலும் இறங்கமாட்டேன் என்கிறான். வேறு வழி தோன்றாமல், இவ்வளவு நேரம் அண்ணனுக்கென்று இருந்த விசையை நம் இடது கை அழுத்துகிறது. தம்பி நீந்துகிறான்.

இதை எழுத்தில் எப்படிச் செய்வது? பத்துப் பக்கம் எழுதலாம், கண்ணீர் வரவழைக்கலாம். ஆனால் வாசகன் கையிலேயே அந்தச் சாவை வைத்துவிட எங்களால் முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இப்போது 'இட் டேக்ஸ் டூ'வுக்கு வருவோம். கணவன் பெயர் கோடி, மனைவி பெயர் மே. (நம் காதுக்கு ஒன்று தொகை, மற்றது மாதம், போகட்டும்.) அவள் வேலைக்குப் போகிற என்ஜினியர், அவன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன். விவாகரத்து செய்துகொள்ளத் தீர்மானித்து, மகள் ரோஸிடமும் சொல்லிவிடுகிறார்கள். அவள் களிமண்ணாலும் மரத்தாலும் செய்த இரண்டு பொம்மைகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். கண்ணீர் பட்டதும் அப்பாவும் அம்மாவும் அந்தப் பொம்மைகளுக்குள் போய்விடுகிறார்கள். விரற்கடை உயரத்தில் நின்றுகொண்டு, தங்கள் வீட்டுக் கொட்டகை, தோட்டம், பரண் எல்லாவற்றையும் தாண்டி மகளிடம் போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் கதை. கேட்டால் குழந்தைக் கதை மாதிரி இருக்கும். விஷயம் குழந்தை விஷயமல்ல.

கொட்டகையில் கோடிக்கு ஆணிகள் கிடைக்கின்றன, மேவுக்குச் சுத்தியலின் தலை கிடைக்கிறது. அவன் பலகையில் ஆணி எறிந்தால் அதில் சுத்தியலை மாட்டி அவள் ஊஞ்சலாடி அப்பால் போகலாம். எறியாவிட்டால் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். அடுத்து மரத்துக்குள் குளவிக்கும் அணிலுக்கும் யுத்தம். அங்கே அவன் மரப்பிசினைப் பீய்ச்ச, அவள் தீக்குச்சியை எய்து அதைக் கொளுத்துகிறாள். குக்கூ கடிகாரத்துக்குள் அவன் காலத்தை முன்னும் பின்னும் ஓட்டுகிறான், அவள் தன்னைப் போலவே இன்னொருத்தியை ஓரிடத்தில் விட்டுவிட்டு வேறிடம் போகிறாள். ஒருவருக்கொருவர் நேரமே ஒதுக்காத தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. கண்ணாடி உருண்டைக்குள் பனி பெய்யும் ஊர் ஒன்று வருகிறது, அவர்கள் முன்னொரு காலத்தில் சேர்ந்து உல்லாசமாகப் போய்வந்த ஊர். அங்கே ஒரு காந்தத்தின் இரண்டு பாதிகளை ஆளுக்கொன்றாகச் சுமக்கிறார்கள். இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். கல்யாணத்தைப் பற்றி யோசித்துத்தான் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒவ்வோர் அத்தியாயத்திலும் பழைய கருவியை வாங்கி வைத்துக்கொண்டு புதியதைக் கொடுத்துவிடுவது இன்னொரு தாராளம். வேறு யாராவது இருந்தால் அந்த ஆணியை வைத்தே முழு விளையாட்டையும் ஓட்டியிருப்பார்கள்.

நான் என் மனைவியோடு ஆடினேன். யார் யார் என்று கேட்டதும் அவள் யோசிக்காமல் கணவன் வேஷத்தை எடுத்துக்கொண்டாள். "ஆணி அடிச்சாச்சு, குதிங்க!" என்று அவள் சொல்ல, நான் விழ, "இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் குதிச்சா என்ன?" என்று அவள் கேட்க, இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. விழுந்தால் நஷ்டமில்லை, சில நொடிகளில் திரும்ப எழுந்துவிடலாம். பழக்கமில்லாதவர்களை இந்த விளையாட்டு மரியாதையாகவே நடத்துகிறது. ஆனாலும் ஒரு குமிழால் நடந்துகொண்டே இன்னொரு குமிழால் பார்வையைத் திருப்பும் வித்தை கைவராதவர்களுக்குப் பின்பகுதியில் மூச்சு முட்டும். தம்பதிகளுக்கென்று செய்த விளையாட்டில், இரண்டு பேருக்கும் ஒரே அளவு சாமர்த்தியம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது எந்தக் குடும்பத்தைப் பார்த்தோ தெரியவில்லை. நடுநடுவே போட்டி ஆட்டங்களும் உண்டு. அதில் ஒன்று, கோடி தலையை நீட்ட நீட்ட மே சுத்தியலால் தட்டுவது. சுத்தியல் என் கையில் இருந்தும் ஜெயித்தது அவள்தான்.

இனி குறைக்கு வருகிறேன். ஹக்கீம் என்று ஒரு புத்தகம். காதலைப் பற்றிய புத்தகமே கைகால் முளைத்து, மீசை வைத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி வந்து பேசுகிறது. ஒத்துழையுங்கள், நேரம் ஒதுக்குங்கள், பழைய ஆர்வத்தைத் தேடுங்கள் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் உபதேசம். அந்தக் காலத்து நாவல்களில் கதை விறுவிறுப்பாகப் போகும்போது ஆசிரியர் குறுக்கே வந்து வாசகரே என்று கூப்பிட்டு நீதி சொல்லுவார் அல்லவா, அதே வியாதி. காந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இதுதான் ஈர்ப்பு என்று ஒரு புத்தகம் வந்து விளக்குவானேன்? பாஷையே தெரியாத இரண்டு பையன்களை வைத்து அவ்வளவு சொன்ன மனிதர் இங்கே நம் கையை நம்பவில்லை. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் சம்பாஷணையும் அப்படித்தான். இவர்கள் ஏன் பிரிய நினைத்தார்கள் என்பது சண்டையிலிருந்து விளங்கவில்லை. புத்தகம் போட்ட தலைப்புகளிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைக்கூட மன்னிக்கலாம். என்னால் தாண்டமுடியாத இடம் யானை.

ரோஸின் அறையில் அவளுக்குப் பிரியமான துணி யானை ஒன்று இருக்கிறது, பெயர் கியூட்டி. மகளின் கண்ணீரால் பொம்மையானோம், ஆகவே அவளை மறுபடி அழவைத்தால் மனிதராகிவிடலாம் என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். அதற்காக அந்த யானையைக் கொல்லத் தீர்மானிக்கிறார்கள். அது கும்பிட்டுக் கெஞ்சாத குறையாகக் கெஞ்சுகிறது. காதைப் பிடித்து, காலைப் பிடித்து, விளிம்புவரை இழுத்துப்போய்த் தள்ளவேண்டும். வழியில் கால் கிழிகிறது, காது பிய்கிறது. இழுப்பது யார்? நாம். விசையை அழுத்தி அழுத்தி நாமேதான் இழுக்கவேண்டும். என் மனைவி கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "இது வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அங்கே வழி கிடையாது. குழந்தை அழுகிறது; அந்தக் கண்ணீரில் அப்பாவும் அம்மாவும் கூத்தாடுகிறார்கள்; மந்திரமோ உடையவில்லை.

கொடுமையைக் காட்டக்கூடாது என்பதல்ல என் கட்சி. சுயநலத்தில் கண் மறைந்த பெற்றோர் இதைவிடப் பெரிய கொடுமைகளைச் சிரித்துக்கொண்டே செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்சி உண்மையானது என்பதால்தான் அது வலிக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய பாவத்தை நம் கையால் செய்யவைத்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் குஷியாக வேறு இடத்துக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். இந்த விளையாட்டில் கருவி கொடுப்பதற்குப் பஞ்சமே இல்லை. ஓர் அத்தியாயத்தில் மேவின் கையில் ஊசியையும் கோடியின் கையில் நூலையும் கொடுத்து, அந்தக் காதை ஒட்டித் தைக்கச் சொல்லியிருக்கலாமே! பிய்த்த கைக்குத் தைக்கும் வேலை தரப்படவேயில்லை.

கடைசியில் பரணில் மே தான் விட்டுவிட்ட பாட்டை மறுபடி பாடுகிறாள், கோடி அவளுக்குத் துணை நிற்கிறான், முத்தமிட்டதும் மந்திரம் உடைகிறது. அந்த முத்தத்தை வசனங்கள் சம்பாதிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆணியும் சுத்தியலுமாக நடந்த வேலை சம்பாதித்துக் கொடுத்தது. எழுந்து பார்த்தால் மகளைக் காணோம். பெற்றோர் பிரிவதற்குத் தானே காரணம் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்து, தப்பு உன்னுடையதல்ல என்கிறார்கள். சேர்ந்து வாழ்வோம் என்று இருவரும் அடித்துச் சொல்வதில்லை. அந்த இடத்தில் மட்டும் ஹக்கீமின் உபதேசம் இல்லை. மூன்று பேரும் வீட்டுக்குப் போகிறார்கள்.