பத்தாவது சுற்றுக்கு மறுநாள்

2022இல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் என்றதும், குகேஷ் தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்றதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எட்டாவதாக விழுந்தவர் கருவானா. எனக்கு முக்கியமாகப் படுவது பத்தாவது சுற்று. உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராகக் கை ஓங்கியிருந்த ஆட்டம் அது. டிராவுக்கு ஒத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். வென்றே தீருவேன் என்று நீட்டினார்; கடைசி நிமிடங்களில் பிசகித் தோற்றார். அந்தச் சுற்று 2-2 என முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போக, குகேஷ் ஆடிய இந்தியா-2 அணிக்கு வெண்கலம்.

பதினாறு வயதுப் பையனிடம் திறமைக்கு என்ன குறை? சோதனை தோல்வியிலிருந்து மீள்வதில்தான்: மறுநாளே ஜெர்மனியின் கெய்மருக்கு எதிரே உட்கார வேண்டியிருந்தது. நடுவில் ஓய்வு நாள் இல்லை. டிரா செய்தார். முதல் பலகைக்கான தனிநபர் தங்கமும் அவருக்கே.

2024 ஏப்ரல், உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்பதை முடிவுசெய்யும் டொராண்டோ கேண்டிடேட்ஸ். ஏழாவது சுற்றில் ஃபிரோஜாவிடம் வலிக்க வலிக்கத் தோல்வி. இம்முறை அடுத்த நாள் ஓய்வு. தொடரின் திருப்பமே அந்தத் தோல்விதான் என்று குகேஷே பின்னர் சொன்னார். ஆனால் ஓய்வு நாள் அட்டவணை தருவது, எப்போதும் கிடைக்காது. கேண்டிடேட்ஸை வென்ற கையோடு மனப் பயிற்சியாளர் வேண்டும் என்று அவர் கேட்டதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வந்தவர் பாடி அப்டன், 2011இல் உலகக் கோப்பை வென்ற தோனி அணியோடு இருந்தவர்.

சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் நடப்புச் சாம்பியன் டிங் லிரெனிடம் முதல் ஆட்டமே தோல்வி. மறுநாள் ஓய்வு இல்லை. இரண்டாவது டிரா, மூன்றாவது வெற்றி. டிசம்பர் 12 அன்று 7.5-6.5 என முடித்து, 18 வயதில் உலகச் சாம்பியன். எல்லாம் அப்டன் செய்த மாயம் என்று சொல்ல மாட்டேன்; ஓப்பனிங் தயாரிப்பில் குகேஷின் பயிற்சியாளர் கஜேவ்ஸ்கி குழுவின் உழைப்பு பெரிது. ஆனாலும் தோற்ற இரவைக் கடக்கத் தெரியாதவனுக்கு எந்த ஓப்பனிங்கும் உதவாது.

எதிரே இருந்த டிங்கையும் பாருங்கள். 2023இல் பட்டம் வென்ற பிறகு மாதக்கணக்கில் ஆடாமல் ஒதுங்கியிருந்தார். மன அழுத்தத்தை மறைக்காமல் பேசினார். பட்டம் ஒருவரைக் குணப்படுத்துவதில்லை. அவரை 'போனவர்' என்று எழுதியவர்கள்தான் பதினான்காவது ஆட்டம் வரை வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

இங்கேயோ, செங்கல்பட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டிகளில், அரங்கை விட்டு வரும் குழந்தையிடம் வாசலிலேயே "எந்த மூவ்ல விட்ட?" என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. அடுத்த சுற்றுக்கு அரை மணி நேரம்கூட இருக்காது. அகாடமியில் சேர்க்கும்போது ரேட்டிங் எவ்வளவு ஏறும் என்று கேட்கும் பெற்றோர், தோற்ற பிள்ளையை அந்த அரை மணியில் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம்.