மதுரை இலக்கியத்தில் பெண்ணுடலும் அரசும்

மனித உடலுக்கும் வரலாறு உண்டு. ஓர் உறுப்பு ஒரு காலத்தே உணர்த்திய பொருளையே எக்காலத்தும் உணர்த்துவதில்லை. மதுரையைக் களமாகக் கொண்ட இரு நூல்களில் பெண்ணின் மார்பு பெறும் பொருளை ஒப்பிட்டு நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையில் கண்ணகி தன் இடமுலையைக் கையால் திருகி, மதுரையை மும்முறை வலம்வந்து, வீதியில் எறிகின்றாள், நகர் எரியுண்கின்றது. இதனைக் காப்பிய மிகையெனக் கொண்டு கடந்து செல்வாரும் உளர். அது பொருந்தாது என யாம் கருதுகின்றோம். மதுரை மருதன் இளநாகனார் பாடிய நற்றிணை 216ஆம் பாட்டில், ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி குறிக்கப்படுகின்றாள். அவள் கண்ணகியே ஆயினும், வேறொருத்தி ஆயினும், அச்செயலின் பழமை அதனால் விளங்கும். புறநானூற்று 278ஆம் பாட்டிலோ, மகன் போரில் புறங்கொடுத்தான் எனக் கேட்ட முதியவள், அது மெய்யாயின் அவன் பாலுண்ட முலையை அறுப்பேன் எனச் சூளுரைக்கின்றாள். எனவே, மார்பு அழகுறுப்பாக மட்டும் நில்லாது, பெண்ணின் சொல்லுக்குப் பிணையாகவும் நின்றமை தெளிவு. அரசவையில் வழக்குரைத்து வென்ற கண்ணகி, அப்பிணையையே நகரின்மேல் வீசுகின்றாள்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் பன்னூற்றாண்டு பிற்பட்டது. அதன்கண், மலயத்துவச பாண்டியனின் வேள்வித் தீயினின்று தடாதகை மூன்று முலைகளோடு தோன்றுகின்றாள். மணவாளன் எதிர்ப்படுங்கால் ஒன்று மறையும் என்றும், மைந்தனைப் போன்றே வளர்த்து முடிசூட்டுக என்றும் வானொலி எழுகின்றது. அவ்வாறே முடிசூடித் திக்குவிசயம் சென்றவள், கயிலையில் இறைவனைக் கண்ட அளவில் மூன்றாம் முலை மறைய, நாணித் தலைகுனிகின்றாள். மணத்தின்பின் ஆட்சி சுந்தரபாண்டியனைச் சார்கின்றது.

கண்ணகி தீயை எழுப்புகின்றாள். தடாதகை தீயினின்று எழுகின்றாள். முன்னவள் தன் கையாலேயே உறுப்பைக் களைகின்றாள். பின்னவட்கு அது தானே மறைகின்றது. பெண்ணின் ஆட்சியை உடலின் மிகையாகவும், மணத்தால் நேராகும் குறையாகவும் புராணம் கண்டது என்பதே இவ்வேறுபாட்டின் பொருளாகும்.

ஆயின், மதுரையின் விழா வழக்கு இம்முடிவை முழுதும் ஏற்றதாகத் தோன்றவில்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மைக்கு முதற்கண் பட்டாபிடேகம், பின்னர்த் திக்குவிசயம், அதன் பின்னரே திருக்கல்யாணம். இறைவன் முடிசூடுவதோ ஆவணியில். ஆண்டின் எட்டுத் திங்கள் அவனுக்கு உரியனவாயினும், சித்திரை முதல் நான்கு திங்கள் அம்மையின் ஆட்சியே என்பது கோயில் மரபு. மணநாள் கழிந்த பின்னும் செங்கோல் அவள் கையிலேயே இருத்தல் நோக்கத்தக்கது. நூல் மறைத்த ஒன்றை விழா ஆண்டுதோறும் மீட்டுத் தருகின்றது. ஆதலின், புராணத்தை ஆராய்வார் இவ்விழாவினையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். இன்றேல் மதுரை தன் அரசியைப் பற்றிக் கொண்ட கருத்தின் ஒரு பாதியே நமக்குப் புலனாகும்.