தமயந்தியின் சிவப்புச் சேலை

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடச் சேகரிப்பின் பெருமைகளில் ஒன்று, ராஜா ரவிவர்மா 1899இல் வரைந்த ‘ஹம்ச தமயந்தி’. அன்னத்தின் பேச்சுக்குக் காது கொடுத்து நிற்பவளின் சிவப்புச் சேலையைப் பாருங்கள். மடிப்பின் மேட்டில் வெளிச்சம், பள்ளத்தில் கருஞ்சிவப்பு. இடையே கோடு தெரியாமல் ஒரு நிறம் அடுத்ததில் கரைகிறது. மெதுவாக உலரும் எண்ணெய் வண்ணம் தரும் வரம் அது. பொறுமை இல்லாத கைக்கு வசப்படாது.

ரவிவர்மா ஓவியப் பள்ளிக்குப் போனவரல்ல. 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஓவியர் தியோடர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டுமே அவரை அனுமதித்தார். கிளிமானூரில் பிறந்த அந்த இளைஞர் பார்த்துப் பார்த்தே கற்றார். பின்னாளில் தம்பி ராஜராஜ வர்மா கூடவே நின்று வரைந்தார்.

1906இல் ரவிவர்மா மறைந்த பின், கலை விமர்சகர்களான ஹேவலும் ஆனந்த குமாரசுவாமியும் அவர் படங்களில் இந்தியக் கற்பனையின் ஆழம் இல்லை என்று கடுமையாக எழுதினார்கள். தமயந்தி நாடக மேடையில் நிற்பவளாகத் தெரிவது உண்மைதான். அதை ஒப்புக்கொண்டே இந்தச் சேலையை நேசிக்க முடிகிறது. இன்னும் போக வேண்டிய தூரத்தை விமர்சனம் காட்டும். ஒரே மடிப்பின் முன் தூரிகையோடு பொழுதெல்லாம் நிற்க வைப்பது பிரியம்தான். கலைஞனுக்கு இரண்டும் வேண்டும். முதலில் வேண்டியது பிரியம்.