பாலாற்றுத் தீர்ப்பும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்

ஏலகிரி அடிவாரத்தை அடுத்த வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்பகுதியில் சட்டம் சமூகத்திற்குச் செய்ததை மதிப்பிட, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பே (28.8.1996) முதன்மைச் சான்று. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் கோட்பாட்டையும் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆலையுடைமையாளரைச் சேர்ந்தது. கிணற்று நீரின் உவர்ப்புக்கு ஆய்வகச் சான்று தேடி அலைய இயலாத உழவர்க்கு இது சிறு பேறன்று.

ஆயினும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதைப் பதிவு செய்த அதே தீர்ப்பு, ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் எனத் தண்டம் விதித்தது. சில தொட்டிகளே வைத்திருந்த சிறு பதனிடுவோரும் பெரும் ஏற்றுமதியாளரும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டனர். தண்டம் வேறு, இழப்பீடு வேறு என்பது உண்மையே; எனினும் கோட்பாட்டின் கூர்மை இங்கு மழுங்குகிறது. இழப்பீட்டை மதிப்பிடும் பணியோ தனி ஆணையத்திடம் விடப்பட்டது. அவ்வாணையம் விதித்த தொகை சேராத குடும்பங்களுக்கு மாநில அரசே முதலில் வழங்கி, பின்னர் ஆலைகளிடமிருந்து மீட்க வேண்டுமென உச்சநீதிமன்றம் 2025 சனவரியில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.