‘எத்திறம்’ – அளவோ, தன்மையோ?

திருவாய்மொழி முதற்பத்து மூன்றாம் திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் ஆழ்வார் அருளிய ‘எத்திறம்’ என்னும் சொல்லுக்கு ‘எவ்வளவு ஆச்சரியம்!’ என்று பொருள் சொல்லக் கேட்கிறோம். வியப்பு வந்துவிட்டது, ஆனால் வியப்பின் வகை தப்பிவிட்டது என்பது அடியேனுக்குத் தோன்றும் குறை.

‘எவ்வளவு’ என்பது அளவை வினவும் சொல். திறமாவது தன்மை. திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பில், ஸௌந்தரராஜப் பெருமாள் ஸந்நிதிக்கு வருவோர் மண்டபத் தூணில் உலகளந்த பெருமாளைக் கண்டு ‘எம்புட்டு ஒசரம்’ என்பர். நெடுகத் தூக்கிய திருவடிக்கு அச்சொல் தகும். உரலோடு கட்டுண்ட பிள்ளையினிடத்தில் எதை அளப்பது?

அடைவைப் பார்க்கவேணும். முதல் திருவாய்மொழியில் பரத்வத்தைப் பேசினார். இரண்டாவதில் அவனைப் பற்றும்படி உபதேசித்தார். இவ்விரண்டிலும் தெளிந்தே நின்றார். மூன்றாவதில் அவன் எளியன் என்று சொல்லப் புகுந்து, வெண்ணெய்க் களவிலே அகப்பட்டுக் கட்டுண்டு ஏங்கிய படியை நினைத்தவாறே ‘எத்திறம்’ என்று ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்பது பூர்வர்கள் சொல்லிப் போரும் ஐதிஹ்யம். மேன்மையில் தரித்தவர் நீர்மையில் தரிக்கமாட்டிற்றிலர். பெரியவன் பெரியவனாக இருப்பதில் வியக்க என்ன உண்டு? எல்லாரையும் நியமிப்பவன் ஓர் இடைச்சியின் கைக்கு அஞ்சுவதும், அவ்வச்சம் நடிப்பன்றி மெய்யாயிருப்பதும் அன்றோ ஆழ்வாரை அழித்தது!

‘எவ்வளவு’ என்றால், அருளின் மிகுதியைச் சொன்னதாய் முடியும். ‘எத்திறம்’ என்றாலோ, ‘இவன் ஸ்வபாவந்தான் யாது?’ என்னும் வினா வினாவாகவே நிற்கும். விடை காணாமையாலே வாய் மூடிற்று. இக்காலப் பதிப்புகள் அங்கே ஒரு வியப்புக்குறி இட்டுவிடுகின்றன. ஓலையில் எழுதினவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதுவும் நன்மையாயிற்று, வினாவும் வியப்பும் பிரியாமல் கிடந்தன.

இத்திருவாய்மொழியின் பத்தாம் பாசுரம் நிலம் கடந்த திருவடியை அநுபவிப்பது. உரலில் தொடங்கியது உலகளந்ததில் வந்து சேருகிறது. எளிமையைச் சொல்ல வந்தவிடத்தில் இந்த உயரம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். உலகளந்த இடங்களில் நம் ஆசார்யர்கள் உயரத்தோடே நின்றுவிடுவதில்லை. உயர்ந்தார் தாழ்ந்தார் என்றும், வேண்டினார் வேண்டாதார் என்றும் பாராமல் எல்லார் தலையிலும் திருவடி வைத்த எளிமையிலே ஈடுபடுவர். அவ்வுரையைக் கேட்டபின் தாடிக்கொம்புத் தூணின்முன் நின்றால், ‘எம்புட்டு’ என்று வாய் வருவதில்லை.