மின்னூடகமும் கறுப்பு யூலையும்: உருவம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நகரத்தின் கொந்தளிப்பை மீட்டுரைக்கும் கலைவடிவம், அக்கொந்தளிப்பின் வர்க்க இயல்பினின்றும் தனித்து நிற்றல் இயலாது. உருவம், உள்ளடக்கம் பற்றிய இப்பழைய விவாதம் மின்னூடகக் காலத்திலும் நமக்குத் தேவைப்படுகின்றது.

2004இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 'ரையட்! 1831' என்னும் ஒலிநாடகம் அளிக்கப்பெற்றது. கேட்போர் கையடக்கக் கணினியுடன் குயீன் சதுக்கத்தில் நடந்தனர். செய்மதியின் துணைகொண்டு, அவர்கள் நின்ற இடத்துக்குரிய குரல்கள் காதில் ஒலித்தன. 1831 ஒக்ரோபரில், தேர்தற் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை நிராகரித்ததைத் தொடர்ந்து வெடித்த கிளர்ச்சியே நாடகத்தின் பொருள். ஆள்வோருக்கு எதிராகத் திரண்ட மக்களிடையே இன்றைய கேட்போரை நிறுத்தியமை அதன் சிறப்பு எனலாம்.

இவ்வடிவத்தை 1983 யூலைக் கொழும்புக்கு அவ்வாறே பெயர்க்கலாமா? அங்கு கூட்டம் ஆள்வோரை எதிர்த்து எழவில்லை. யூலை 23இல் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாளிரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் நகரெங்கும் பரவியது. தாக்கியோர் பலரின் கைகளில் வாக்காளர் இடாப்புக்கள் இருந்தன. அரசின் காவலிலிருந்த 53 தமிழ்க் கைதிகள், யூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறையிலேயே கொல்லப்பட்டனர். எனவே 'கலவரம்' என்ற சொல்லே இங்கு மயக்கம் தருவதாகும். கூட்டத்தின் இரைச்சலை மட்டும் கேட்பிக்கும் வடிவம், ஒழுங்கமைக்கப்பட்ட வன்செயலைத் திடீர் வெறியாகக் காட்டிவிடும்.

முப்பதாண்டு நிறைவையொட்டி, 2013இல் கிரவுண்ட்வியூஸ் இணையத்தளம் எழுத்தையும் படத்தையும் ஒலியையும் இணைத்து ஒரு நினைவுத் தொகுப்பை வெளியிட்டது. இத்தகைய முயற்சிகளில் பாதிக்கப்பட்டோர் தம் வாயாற் பேசுவது பெரும் பேறாகும். ஆயினும் தனிமனித அனுபவம் தானாகவே காரணங்களை விளக்குவதில்லை. வீடு எரிந்த விதத்தைச் சாட்சி கூறுவார். இடாப்பு யாரிடமிருந்து வந்தது என்பதை அவர் அறிந்திருத்தல் அரிது. 1977இன் பின்னரான திறந்த பொருளாதாரம் இன உறவுகளை எவ்வாறு பாதித்தது என்பதை 1984இலேயே நியூட்டன் குணசிங்க ஆராய்ந்தார். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தமையும் இப்பின்னணியில் வைத்து நோக்கப்படல் வேண்டும். இவை இல்லாத தொகுப்பு இரக்கத்தைத் தூண்டலாம், விளக்கத்தைத் தராது.

கொழும்பின் கதை கொழும்போடு முடிவதுமில்லை. வெலிக்கடையில் உயிர்தப்பியோர் வாவி சூழ்ந்த மட்டக்களப்பின் சிறைக்கு மாற்றப்பட்டனர்; 1983 செப்ரெம்பர் 23இல் அச்சிறை உடைக்கப்பட்டது. கேட்போரின் காலடியை மட்டும் பின்தொடரும் ஒலிநடை இத்தொடர்பை எட்டமாட்டாது. ஆனால் ஆவணத்தையும் குரலையும், ஓரிடத்தையும் பிறிதோரிடத்தையும் ஒருங்கே இணைக்கும் ஆற்றல் மின்னூடகத்துக்கு உண்டு. வரைபடத்தில் ஒரு தெருவைத் தொடும்போது சாட்சியின் குரலோடு, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்ட நேரமும், அத்தெருவின் வாக்காளர் இடாப்பும், வெலிக்கடையிலிருந்து மட்டக்களப்புக்குச் சென்ற வழியும் ஒருசேரத் தோன்றுதல் கூடும்.

தொழில்நுட்பத்தின் புதுமையை வியப்பதோடு விமர்சகர் பணி நிறைவுறாது. கேட்போர் யாருடைய பக்கத்தில் நிறுத்தப்படுகின்றனர், எக்காரணங்கள் அவர்களிடமிருந்து மறைக்கப்படுகின்றன என்னும் வினாக்களை ஒவ்வொரு படைப்பிடமும் எழுப்புதல் வேண்டும்.